வாப்பாவின் கால் மைல் வண்டி

சகோதரிகளே, சமையல் குறிப்பையும் பிள்ளை வளர்ப்பையும் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது எங்கள் வீட்டில் நடந்த கதை. இந்தக் கதையில் ஒரு ரின்பால் டின்னும் வருகிறது. ஆகவே குசினிக்கும் இதில் பங்குண்டு.

கிண்ணியாவில் எங்கள் வீட்டுப் பின் தாழ்வாரத்தில் ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் நெடுங்காலமாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. மர்ஹூம் வாப்பாவின் வண்டி. பி31 என்பது அதன் பெயர். 348 சி.சி., ஒற்றைப் பிஸ்டன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த அந்தக் கம்பெனி ஆதியில் துப்பாக்கி செய்தது. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தக் கம்பெனி எம்20 என்ற வண்டியை ஒரு லட்சத்துக்கு மேல் இராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. யுத்தம் முடிந்த 1945இல் பொதுமக்களுக்காக வெளிவந்தது பி31. திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை வைத்திருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளின் சத்தம் கேட்டு வளர்ந்தவர் வாப்பா.

ஆனால் வாப்பாவின் வண்டி மற்ற பி31 போல இருக்காது. முன் விளக்கு இல்லை. மட்கார்டு இல்லை. இருந்த தகடுகளிலும் வரிசையாகத் துளை போட்டிருப்பார். மின்சாரம் தரும் டைனமோவைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார். "என்ன வாப்பா, வண்டிய இப்படி ஓட்டை ஒடிசலாக்கிட்டீங்க?" என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "பாரம் குறையணும் மகள். இது கால் மைல் வண்டி" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கால் மைல் என்றால் என்ன?

கிண்ணியாப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2009இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 396 மீட்டர். கால் மைல் 402 மீட்டர். அதாவது பாலத்தின் இந்தத் தலையில் அசையாமல் நின்ற வண்டி, அந்தத் தலையைத் தாண்டி ஆறு மீட்டர் போவதற்கு எத்தனை வினாடி எடுக்கிறது என்பதே போட்டி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்பும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதை டிராக் பந்தயம் என்பார்கள். இங்கிலாந்தில் ஸ்பிரிண்ட் என்ற பெயரும் உண்டு. (பாலத்திலேயே ஓடிப் பார்க்க நினைக்கும் பொடியன்மார்களுக்கு ஒரு வார்த்தை பின்னால் வைத்திருக்கிறேன்.)

இந்தப் பந்தயம் வளர்ந்ததே யுத்தம் விட்டுப் போன விமான ஓடுபாதைகளில்தான். நீளமான, நேரான, வண்டி வாகனம் வராத பாதை வேறு எங்கே கிடைக்கும்? இங்கிலாந்தில் இன்று பிரபலமான சாண்டா பாட் பந்தயத்திடல் யுத்த கால விமானத்தளம். 1966இல் பந்தயத்துக்குத் திறந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரமும் அப்படித்தான். அங்கே பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. நம் நாட்டில் களுத்துறைக்குப் பக்கத்துக் கட்டுக்குருந்தவும் யுத்த கால விமான ஓடுபாதையே. வாப்பா இளமையில் கூட்டாளிகளோடு லொறியில் வண்டியை ஏற்றிக்கொண்டு தூரத்துக்குப் போய் ஓடிவிட்டு வருவார் என்று உம்மா சொல்வார். ஜெயித்தாரா என்று கேட்டால், "ஜெயிச்சிருந்தா சொல்லியிருப்பார்தானே" என்று சிரிப்பார்.

இந்த வகை வண்டிகளுக்குள்ளே பேர் பெற்ற ஒன்று 'நீரோ'. ஜார்ஜ் பிரவுன் என்ற ஆங்கிலேயர் தம் சகோதரர் கிளிஃபோடு சேர்ந்து, தீயில் வெந்துபோன ஒரு வின்சென்ட் மோட்டார் சைக்கிளை எடுத்து மறுபடி கட்டினார். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லும் அரசனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எரிந்துபோன இரும்பு என்று எவரும் தள்ளியிருக்கக்கூடிய அந்த வண்டியில்தான் அவர் பல சாதனைகளை ஏற்படுத்தினார். எங்கள் வாப்பாவின் வண்டி வெந்தது நெருப்பால் அல்ல, கடலால்.

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26ஐப் பற்றிக் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருப்பவர்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தாழ்வாரத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்து போனது. வண்டி சேற்றில் சாய்ந்து கிடந்தது. உப்புத் தண்ணீர் புகுந்த எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, திறந்து, எண்ணெய் ஊற்றி வைத்தால் காப்பாற்றிவிடலாம். இதை இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு ஜனாஸாக்களை அடக்கவே ஆளில்லாத ஊரில் யார் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பது? வாப்பா அதைத் தூக்கி நிறுத்திச் சாக்கைப் போர்த்தினார். அவ்வளவுதான். சில வருடங்களில் அவரும் வஃபாத்தானார்.

பிறகு அது வீட்டில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. இடம் அடைக்கிறது, இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று ராத்தா. வாப்பாவின் கை பட்டது, கிடக்கட்டும் என்று நான். இடையில் வந்தவன் ராத்தாவின் கடைசி மகன். படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பொடியன். "சாச்சி, நான் இதை ஓட வைக்கிறேன். ஓடினா வைப்போம், ஓடாட்டி உம்மா சொல்றபடி வித்திருவோம்" என்றான். ஒரு வருடம் தவணை என்று பேச்சு முடிந்தது. நான் தையல் தொழிலில் சேர்த்து வைத்திருந்ததில் கொஞ்சம் கொடுத்தேன். காசு கொடுத்தவள் என்பதால் கணக்குக் கேட்கப் போனேன். கணக்குக் கேட்கப் போய்த்தான் கையில் ஒயில் பட்டது.

சுத்தியல் எடுக்காதே

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல. பொடியன் சுத்தியலை எடுத்தான். ஊரில் பழைய வண்டிகளில் கை தேர்ந்த ஒரு பாஸ் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே டீசலும் கொஞ்சம் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றச் சொன்னார். ஊறட்டும் என்று விட்டோம். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு, வண்டியைக் கடைசிக் கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைப்போம். பதினாறாம் நாள் 'டிக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் ஒரு நூல் நகர்ந்தது. பொடியன் போட்ட சத்தத்தில் ராத்தா ஓடி வந்துவிட்டார்.

திறந்து பார்த்தால் சிலிண்டரின் உட்சுவரில் உப்புத் தின்ற குழிகள். லேத்தில் கொடுத்துக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போட்டோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்: வாப்பா போட்டிருந்தது மேல் பக்கம் உயர்ந்த பந்தயப் பிஸ்டன். பாஸ் வாங்கிப் போட்டது சாதாரணப் பிஸ்டன். கீழே இருந்த உருளை பேரிங்குகளும் துருப்பிடித்திருந்ததால் மாற்றினோம். ஒயில் தாங்கி, குழாய் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவினோம். இந்த வண்டிகளுக்கு ஒயில் தனித் தாங்கியில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒயில் சுற்றித் திரும்பி வந்து அதில் விழுகிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொடர்ந்து ஓட விடலாம். திரும்பி வராவிட்டால் போட்ட காசெல்லாம் சில நிமிடத்தில் உருகிவிடும்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். தையல் மெஷினைப் பத்துத் தடவை கழற்றிப் பூட்டியவளுக்கு இது கொஞ்சம் பெரிய மெஷின், அவ்வளவே என்றேன். மாமியின் மெஷினுக்கும் நான்தான் மருத்துவர் என்பதால் மேலே பேசவில்லை.

கரும்புகை

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டியது மூன்று. சிலிண்டருக்குள் இழுத்த காற்றும் பெற்றோலும் கசியாமல் நெருங்க வேண்டும். அந்தக் கலவை சரியான அளவில் இருக்க வேண்டும். சரியான நேரத்தில் நெருப்புப் பொறி விழ வேண்டும். எது குறைந்தாலும் எஞ்சின் நிற்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் திருகிப் பார்ப்பவன் எதையும் கண்டுபிடிக்கமாட்டான். எது சரியானது, எது கெட்டது என்றே பிறகு தெரியாது. பாஸ் இதை முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு கொப்பியில் தேதி போட்டு, என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதும் வேலை எனக்கு.

முதல் நாள் எஞ்சின் பிடித்தது. ஆனால் கரும்புகை. மூச்சு முட்டியவர் போல் இருமிக்கொண்டு அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி பூசியது போல. பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை. கருப்பாக இருந்தால் அதிகம். கரும்புகை என்றால் பிளக்கைக் கேட்கவே தேவையில்லை.

காபரேட்டரைக் கழற்றினோம். அதற்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. நடுவில் ஊசித் துளை. பெற்றோல் அதன் வழியேதான் எஞ்சினுக்குப் போகும். அமால் காபரேட்டரின் ஜெட்டில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் அத்துளை வழியே எத்தனை சி.சி. ஓடும் என்பதைக் குறிக்கும் நம்பர் அது. வாப்பாவின் ஜெட்டில் இருந்த நம்பர், பாஸின் பழைய கைநூலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

பாஸ் சிரித்தார். "உங்கட வாப்பா பெற்றோல்ல ஓடல்ல மகள். மெதனோல்ல ஓடியிருக்கார்."

மெதனோல் ஒரு வகைச் சாராயம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். ஆனால் பந்தய எஞ்சினுக்கு அது விருப்பமான தீனி. ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும். அதனால் உயர்ந்த பிஸ்டன் போட்டு அதிகம் நெருக்கினாலும் தாங்கும். ஒரே குறை, பெற்றோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். அதற்குத்தான் அத்தனை பெரிய துளை. நாங்கள் பிஸ்டனை மாற்றிவிட்டோம், பெற்றோலை ஊற்றிவிட்டோம், துளையை மாற்ற மறந்துவிட்டோம். பந்தய வண்டியைப் புதுப்பிப்பதில் உள்ள கஷ்டமே இதுதான். கம்பெனி ஒன்று செய்திருக்கும், வண்டிக்காரர் அதை வேறாக்கியிருப்பார். அவர் மனதில் என்ன நினைத்தார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கைநூலில் சொன்ன ஜெட்டைத் தேடி எடுத்துப் போட்டதும் புகை நின்றது.

ஒரு துளையால் யுத்தத்தில் உதவிய பெண்

ஜெட்டின் துளையைப் பார்த்தபோது எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. பொடியன்தான் எங்கோ வாசித்துவிட்டு முதலில் எனக்குச் சொன்னவன்.

பியாட்ரிஸ் ஷில்லிங். 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகியவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். நோர்ட்டன் 500 சி.சி. வண்டியைத் தாமே சீர்செய்து, ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்திடலில் ஓட்டினார். அங்கே பந்தயத்தில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடி முடித்தவருக்குத் தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளில் அதைப் பெற்ற பெண்கள் மூவரே. 1934இல் பெற்ற ஷில்லிங் அவர்களில் ஒருவர். 1937இல் ஒரு பி.எஸ்.ஏ. வண்டி அதே நட்சத்திரத்தைப் பெற்றுக் கொடுத்ததால்தான், அந்தக் கம்பெனியின் பேர்போன பந்தய வண்டிக்கு 'கோல்ட் ஸ்டார்' என்று பெயர் வந்தது.

யுத்தத்தின்போது அவர் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அப்போது ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு ஒரு நோய் இருந்தது. எதிரியைத் துரத்தி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எஞ்சின் திணறி நிற்கும். அவற்றின் மெர்லின் எஞ்சினில் இருந்ததும் எங்கள் வண்டியைப் போல மிதவை வைத்த காபரேட்டர்தான். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்து தண்ணீரை நிறுத்துகிறதே, அதே வேலை. விமானம் திடீரெனச் சாயும்போது பெற்றோல் கிண்ணத்தின் மேல் பக்கம் எழும்பிவிடும். ஒரு கணம் எஞ்சினுக்குப் பட்டினி. அடுத்த கணம் மிதவை ஏமாந்து, பெற்றோல் வெள்ளமாகப் பாயும், எஞ்சின் மூழ்கிவிடும். ஜெர்மானிய விமானங்கள் பெற்றோலைப் பீச்சும் முறையில் ஓடியதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாய்ந்து தப்பிவிடுவார்கள்.

காபரேட்டரையே புதிதாக வடிவமைக்க நாட்கள் ஆகும். ஷில்லிங் கண்டுபிடித்தது காசளவு உலோகத் துண்டு. நடுவில் கணக்குப் பார்த்துப் போட்ட ஒரு துளை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடுவதற்கு வேண்டிய அளவு பெற்றோல் மட்டும் அதன் வழியே போகும், வெள்ளம் வராது. விமானத்தைச் சேவையிலிருந்து எடுக்காமலே பூட்டிவிடலாம். 1941இல் விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அவரும் அவருடைய குழுவினரும் பூட்டிக் கொடுத்தார்கள். நோய் முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் விமானிகள் உயிர் பிழைக்கப் போதுமாக இருந்தது. மறு வருடம் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, சீனன்குடாவிலிருந்து எதிர்த்து எழும்பியவையும் மெர்லின் எஞ்சின் பூட்டிய ஹரிக்கேன்களே. ஷில்லிங் 1990இல் காலமானார்.

ரின்பால் டின்

புகை நின்றாலும் தவணை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது புதுத் தலைவலி வந்தது. எஞ்சின் அழகாகப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிறகு தயங்கித் தயங்கி அணைந்துவிடும். கால் மணி நேரம் விட்டால் மறுபடி பிடிக்கும்.

கராஜ் ஒன்றில் காட்டினான் பொடியன். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிறதா? அப்படியானால் மெக்னெட்டோ போய்விட்டது, கொழும்புக்கு அனுப்பிச் சுருள் சுற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு ராத்தா, "அப்ப இரும்புக்குத்தான்" என்றார்.

அவர்கள் சொன்னதும் வெறும் பேச்சில்லை. இந்த வண்டிக்குப் பேட்டரி கிடையாது. சுழலும் மெக்னெட்டோவே பொறியை உண்டாக்குகிறது. அதற்குள் கொண்டென்சர் என்ற சின்ன உறுப்பு பழசானால், குளிரில் வேலை செய்யும், சூட்டில் கைவிடும். சுருளின் மேல் பூசிய அரக்கும் உஷ்ண நாட்டில் இளகும். அடையாளம் முழுக்கப் பொருந்தியது.

ஆனால் கொப்பியைப் பார்த்தேன். டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றிய நாள் ஆறு நிமிடத்தில் நின்றிருக்கிறது. அரைவாசி இருந்த நாள் பதினாறு நிமிடம். மெக்னெட்டோவுக்கு டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் தேத்தண்ணி போடப் புது ரின்பால் திறந்தேன். அவசரத்தில் ஒரு துளைதான் குத்தினேன். கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுந்து நின்றது. மறு பக்கம் இன்னொரு துளை குத்தியதும் ஓடியது. சின்ன வயதிலிருந்து செய்யும் வேலை. உள்ளே காற்றுப் போனால்தான் பால் வெளியே வரும். கேத்தலை இறக்கி வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

"மகன், வண்டிய ஓட விடு. நின்றதும் ஒண்ணையும் தொடாதே" என்றேன். நின்றது. உடனே வேறு ஒரு பிளக்கை வயரில் மாட்டி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, பெற்றோல் ஈரம் ஏதும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கிக்கரை மிதிக்கச் சொன்னேன். நீலப் பொறி பளீரென்று விழுந்தது. சூடான எஞ்சின், நின்ற எஞ்சின், ஆனால் பொறி இருக்கிறது. மெக்னெட்டோ நிரபராதி. பிறகு பெற்றோல் டாங்கியின் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சும் சத்தம்.

மூடியில் ஒரு மூச்சுத் துளை உண்டு. டாங்கிக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது மூடிக்கும் சேர்த்து அடித்து, அதை அடைத்துவிட்டார்கள். பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் இறுகி, ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். டாங்கி நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம். அதனால் சீக்கிரம் நின்றது. ஆற விட்ட கால் மணி நேரத்தில் மூடியின் இடுக்கால் மெல்லக் காற்றுக் கசிந்து உள்ளே போகும்; ஆறியதால் ஓடுகிறது என்று நாம் நினைத்தோம். தையல் ஊசி ஒன்றை எடுத்துத் துளையைக் குத்திவிட்டேன். கொழும்புச் செலவு மிச்சம்.

அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. நாங்களாகத்தான் நிறுத்தினோம். ராத்தா வாசலில் நின்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். இரும்புக்காரனின் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் வரவில்லை.

பொடியன் மட்டும் விடவில்லை. "சாச்சி, பாலத்தில ஒரு தடவ... சுபஹுக்கு முன்ன, யாருமில்லாத நேரம்..." பாலம் 396 மீட்டர் என்று சொன்னேனே, கால் மைல் வண்டி அதன் கடைசியில்தான் உச்ச வேகத்தில் இருக்கும். நிற்க அதைவிட நீளம் வேண்டும். பந்தயத்திடலில் அதற்கென்றே வெறும் பாதை விட்டிருப்பார்கள். பாலத்தின் அந்தத் தலையில் இருப்பது ஊர், அதிகாலையில் பாலத்தைக் கடப்பது மீன்காரர்களின் சைக்கிள். போதாக்குறைக்கு வாப்பா கழற்றிய முன் விளக்கு இன்னும் பெட்டியில். ராத்தா என்னைப் போல விளக்கம் சொல்லவில்லை. வண்டியின் பிளக்கைக் கழற்றித் தம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஓட வேண்டுமானால் கட்டுக்குருந்த போல் ஒழுங்கான திடலுக்கு, தலைக்கவசத்தோடு போகட்டும், சாவி அப்போது வரும் என்றார்.

மெதனோல் ஜெட்டும் உயர்ந்த பிஸ்டனும் அந்த நாளுக்காகக் காத்திருக்கின்றன. பிஸ்டன் துணியில் சுற்றித் தாழ்வாரத்தில். ஜெட் என் தையல் மெஷின் இழுப்பறையில், பொபின்களோடு.